ஆறேகால்

அந்தோணிமேரி சில்லறையை மேசைமேல் பரப்பி மூன்றாம் முறையாக எண்ணினாள். நாற்பது கைக்குட்டைக்கு ஓரத்தில் பூத்தைத்த கூலி, இரண்டு ரூபாய் நாற்பது நயா பைசா.

"நாப்பது அணான்னா ரெண்டர ரூவா தம்பி. எட்டணாவுக்கு அம்பது பைசான்னு கடைக்காரன் சொல்றான். நீ நாப்பதுன்ற. பத்து பைசா எங்க போச்சு?"

கணக்கு எழுதும் சூசைநாதன் சுவரைக் காட்டினான். ஏப்ரலில் அணா போய்ப் புதுக்காசு வந்தபோது அவன் மூன்று நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை சரிபார்த்து ஒட்டிய அணா-பைசா அட்டவணை.

"கைக்குட்டைக்கு ஒரு அணா. ஒரு அணாவுக்கு ஆறு பைசான்னு சர்க்காரே போட்டிருக்கு. நாப்பதுக்கு எரநூத்தி நாப்பது. சரியாத்தான்க்கா இருக்கு."

"அப்ப காசுப் பெட்டிச் சாவி வச்சிருக்கிறவரு கையிலதான் ஒட்டிக்கிச்சு."

பூத்தையல் கூடமே சிரித்தது. காசாளர் அரிகிருஷ்ணன் எழுந்துவிட்டார். "திங்கக்கெழம வந்து எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேளு. இல்லன்னா இந்தப் பக்கமே வராத."

அவள் காசை எடுக்காமலே போனாள்.

உப்பளம் பகுதியில் ஒற்றை அறையில் இருக்கும் சூசைநாதனை, "போன்ழூர் கணக்குப்பிள்ள, சாப்ட்டியா?" என்று பிரெஞ்சு வணக்கத்தோடு தினமும் கேட்கும் ஒரே ஆள் அவள்தான். கேலிக்குத்தான் கேட்பாள். ஆனாலும் அந்தக் கேள்விக்காகவே அவன் காலையில் கொஞ்சம் முன்னதாக வருவான்.

அன்று மாலை அவன் பணம் கட்டிப் படிக்கும் கணக்கு வகுப்பில் வாத்தியார் ஓர் அணாவை ஆறேகால் பைசா என்று எழுதிப் பெருக்கிக்கொண்டே போனார். கடைசி வரியில்தான் பின்னத்தைத் தள்ளினார். சூசைநாதனின் பேனா நின்றது. அவன் முதலிலேயே கால் பைசாவைத் தள்ளிவிட்டு அப்புறம் பெருக்கியிருந்தான். இரண்டு தடவை சரிபார்த்ததும் பெருக்கலைத்தான். இருபத்திரண்டு பெண்கள், ஆளுக்கு வாரம் பத்து பைசா, மூன்று வாரம். ஆறு ரூபாய் அறுபது.

ஞாயிறு முழுக்க யாரிடமும் பேசவில்லை. பேசுவதற்கும் யாருமில்லை. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. அவளுக்கு மட்டும் வேலை போய்விடும்.

திங்கட்கிழமை முதலாளியிடம் சொன்னான். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உன் சம்பளத்துல புடிச்சுக் குடுத்துடு." அடுத்த மாத வகுப்புக்கு வைத்திருந்த பணம் அதற்கே சரியாகப் போகும்.

"என்னத் திருடன்னு சொன்னப்ப நீ அட்டவணையத்தான காட்டிக்கிட்டு நின்ன?" என்றார் அரிகிருஷ்ணன்.

அந்தோணிமேரி எல்லார் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பிறகு சூசைநாதனின் மேசைக்கு வந்து, அவன் எடுத்து வைத்திருந்த இரண்டரை ரூபாயையும் முந்தின இரண்டு வாரத்து இருபது பைசாவையும் ஒவ்வொரு காசாகத் தள்ளி எண்ணினாள்.

"தப்பு என்னுதுதான்க்கா."

"பாவம் அந்த மனுசன், அவரப் போயி அப்படிச் சொல்லிட்டனே" என்று மட்டும் சொன்னாள். காசை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமையும் அவன் முன்னதாகவே வந்தான். சுவரில் அட்டவணையைக் கிழித்த இடத்தில் நாலு பொட்டுப் பசை மிச்சமிருந்தது. பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். தெரிந்த கால்சத்தம் கேட்டு அவன் தலையைத் தூக்கினான். அந்தோணிமேரி அவன் மேசையைத் தாண்டிப் போய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வெளிச்சத்துக்கு நேராக ஊசியைத் தூக்கிப் பிடித்து நூல் கோக்கப் பார்த்தாள். நுழையவில்லை. நூல் நுனியை உதட்டில் வைத்து நனைத்துக்கொண்டு மறுபடியும் ஊசியைத் தூக்கினாள்.