எத்தனை மணிக்கு எடுப்பாங்க?

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு உடன் வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் 'சட்டம்'. எதுவானாலும் எழுத்தில் காட்டு என்று மல்லுக்கு நிற்கிற ஆள்.

அன்று விடியற்காலையில் அப்பா இறந்துவிட்டார். ஊரிலிருந்து தம்பி போனில் அழுதான். "நீ சொல்ற நேரத்துக்குத்தான் எடுப்போம்ணே, வந்துரு" என்றான். கையில் கிடைத்த சட்டையை மாட்டிக்கொண்டு விமான நிலையத்துக்கு ஓடினால், ஏழு மணி விமானம் ரத்து.

கவுன்ட்டரில் இருந்த பெண் மோசமான வானிலை என்றாள். கண்ணாடிக்கு வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. அடுத்த விமானம் நாளை இரவுதானாம். தம்பிக்குப் போனில் அதைச் சொன்னார்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க சார். சாப்பாட்டுக் கூப்பன் தர்றேன்."

வரிசையில் நின்றவர்கள், "எப்பதான் எடுப்பாங்களோ" என்று புலம்பிக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். மெக்கானிக் தாளைப் படித்தார். 'என் சொந்த விருப்பத்தின்பேரில் பயணத்தை மாற்றிக்கொள்கிறேன்' என்று இருந்தது. நாக்கூசாமல் அச்சடித்திருக்கிறார்கள்!

"யாரோட விருப்பம்மா? அங்க எங்கப்பா செத்துக் கிடக்காரு. என்ஜின் கோளாறுன்னு உங்க ஆளே பேசிக்கிட்டுப் போறான். கோளாறு உங்களுதுன்னா வேற கம்பெனி விமானத்துல ஏத்திவிடணும். உங்க விதியிலயே இருக்கு, பாருங்க."

"அதை மேனேஜர்தான் சார் சொல்லணும்."

மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார். பிறகு டீ குடிக்கப் போயிருந்தார். வந்ததும், வானிலைக்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்று அதே பல்லவியைப் பாடினார். மெக்கானிக் விடவில்லை. அப்படியே எழுதிக் கொடுங்கள் என்றார். மூன்று மணி நேரம் கால் கடுக்க நின்று, தொண்டை வறண்டு, கடைசியில் பத்தரை மணிக்கு, அப்பன் வீட்டுச் சொத்தை எழுதித் தருகிறவர்போல மேனேஜர் ஒரு டிக்கெட்டை நீட்டினார்.

"பன்னெண்டு மணி ஃப்ளைட். ஓடுங்க."

ஓடும்போதே போன் அடித்தது. தலைக்கு மேல் ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருந்தது.

"அண்ணே, எத்தனை மணிக்கு எடுக்கறது? மாமா கேக்குறாரு."

அவர் மண்டைக்குள் விமானத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஜெயித்துவிட்ட மிதப்பு வேறு.

"பன்னெண்டுக்குடா! பன்னெண்டு மணிக்கு!"

"சரிண்ணே" என்று ஏதோ கேட்டது. லைன் போய்விட்டது.

இறங்கியதும் முதல் வேலையாகத் தம்பியைக் கூப்பிட்டார். "வந்துட்டேன்டா. இன்னும் ஒரு மணி நேரத்துல வீட்டுல இருப்பேன்."



"என்னண்ணே சொல்றே? பன்னெண்டு மணிக்கு எடுக்கச் சொன்னியே. ஃப்ளைட் கிடைக்கல, மனசைக் கல்லாக்கிட்டுச் சொல்றேன்னு நெனச்சோம். எல்லாம் முடிஞ்சு, வீடும் கழுவியாச்சு."

அவர் நடைபாதை நடுவிலேயே நின்றுவிட்டார். யார் யாரோ இடித்துக்கொண்டு போனார்கள். அந்தப் பாழாய்ப்போன தாளை ஒரு எழுத்து விடாமல் படித்தவர், கூடப்பிறந்தவன் கேட்டதைக் காதில் வாங்கவில்லை.

தம்பி கேட்டான். "நான்தான் தப்பா வெளங்கிக்கிட்டேனாண்ணே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் சாகும்வரை அதையே நினைத்துக் குமைவான்.

"இல்லடா. நான்தான் சொன்னேன். அம்மாகிட்டக் குடு."

"வேணாம்ணே" என்றான் தம்பி. "பெத்தவன் மூஞ்சியக்கூடப் பாக்க வேணாம்னு சொன்னவனோட எனக்கென்ன பேச்சுன்னு சொல்றாங்க."