பெட்ரோல் மேல் போட்ட பழி

அந்த மெக்கானிக்கை எல்லோரும் 'காதுக்காரர்' என்றுதான் சொல்வார்கள். எஞ்சினை ஓடவிட்டு, கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். பத்துக்கு ஒன்பது தடவை சரியாகவும் இருக்கும். அந்த ஒன்பதுதான் அவரைக் கெடுத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய அக்கா வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். பழைய காரை ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்திவிட்டு, "தம்பி, எஞ்சின் படம் போட்ட இந்த மஞ்சள் லைட் நாலு நாளா அணையவே மாட்டேங்குது. பெட்ரோலும் கண்டபடி குடிக்குது. என்னன்னு பாரேன்" என்றாள்.

கோளாறைத் திரையில் காட்டும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால் ஐந்து நிமிஷ வேலை. ஆனால் சுற்றிலும் நாலைந்து வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் எதிரில் காதாலேயே கண்டுபிடித்துச் சொல்வதில் ஒரு கெத்து இருந்தது. பானெட்டைத் திறந்து அரை நிமிஷம் கேட்டார்.

"எஞ்சின் கல்லு மாதிரி இருக்குக்கா. எல்லாம் பெட்ரோல்தான். எங்க போட்ட?"

"எப்பவும் போடற முனை பங்க்ல. பெட்ரோல் ஊத்துற அந்தக் கண்ணாடிக்காரர் இருப்பாரே, அவர்கிட்டதான்."

"தண்ணி கலந்து ஊத்தியிருக்கான். போய் நாக்கப் பிடுங்கற மாதிரி நாலு கேள்வி கேளு."

கூட நின்றவர்கள் தலையாட்டினார்கள். அவர் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். வாய்க்கு வந்ததைச் சொன்னது அவருக்கு அன்று மத்தியானமே மறந்துபோனது.

அக்கா மறக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெற்றி முகத்தோடு வந்து இறங்கினாள்.

"கிழிகிழின்னு கிழிச்சிட்டேன்டா! மேனேஜரே வெளிய வந்துட்டார். அந்த ஆளைப் பம்ப்பை விட்டே எடுத்து, கார் கழுவற பக்கம் தள்ளிட்டாங்க. பத்தொன்பது வருஷமா நிக்கறாராம். யாரை நம்பறதுன்னே தெரியல." பிறகு குரலைத் தணித்தாள். "ஆனா வேற பங்க்ல போட்டும் லைட் போகலடா. இப்ப கரும்புகை வேற வருது."

காதுக்காரர் போய் ஸ்கேனரை எடுத்து வந்து மாட்டினார்.

புகைக்குழாயில் இருக்கும் முன்பக்க ஆக்ஸிஜன் சென்சாரைக் காட்டியது. எரிந்தபின் எவ்வளவு ஆக்ஸிஜன் மிஞ்சுகிறது என்று மோப்பம் பிடித்துச் சொல்கிற சின்னப் பொருள் அது. நல்ல சென்சார் என்றால் திரையில் கோடு மேலும் கீழும் துள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே அடியில் படுத்துக் கிடந்தது. பெட்ரோல் போதவில்லை என்று அது ஓயாமல் பொய் சொல்ல, எஞ்சினும் நம்பி இன்னும் இன்னும் ஊற்றிக்கொண்டிருந்தது.

வேறு ஏதாவது காரணம் கிடைக்காதா என்று தேடினார். குழாயில் ஓட்டை இருந்தாலும் இப்படிக் காட்டும், ஓட்டை இல்லை. ஒயரை அங்குலம் அங்குலமாகத் தடவினார், சரியாக இருந்தது. கடைசியாக எஞ்சின் காற்று இழுக்கும் வழியில் பெட்ரோல் மாதிரி எரியக்கூடிய கிளீனரைக் கொஞ்சம் பீய்ச்சினார். சென்சாருக்கு உயிர் இருந்தால் கோடு சட்டென்று எழும்ப வேண்டும். எஞ்சின் தடுமாறியது. கோடு அசையவே இல்லை.

புதுசு வாங்கி மாட்டியதும் கோடு துள்ள ஆரம்பித்தது. ஸ்கேனரில் பதிவாகியிருந்த கோளாறை அழித்ததும் லைட்டும் அணைந்தது.

"என் தம்பி கைராசியே தனி" என்றாள் அக்கா.

பேசாமல் இருந்துவிடலாம். ஒரு பயலுக்கும் தெரியாது. துணியில் கையைத் துடைத்தார். சுத்தமான விரலையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, பெட்ரோல் மேல தப்பே இல்ல. இந்தச் சென்சார்தான். அன்னிக்கு நான் பாக்கவே இல்ல. சும்மா அடிச்சு விட்டேன்."

அக்காவின் முகம் வெளிறிப்போனது. கிடந்த டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தனை பேர் எதிர்ல அவரைத் திருடன்னு சொன்னேன்டா. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல அந்த மனுஷன்."

இரண்டு பேருமாகப் பங்க்குக்குப் போனார்கள். கண்ணாடிக்காரர் முழங்கால் வரை நனைந்து ஒரு வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். காதுக்காரர் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை குழாயை அவர் நிறுத்தவில்லை.

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? சத்தம் போட்டது அங்க. அங்க போய்ச் சொல்லுங்க."

அங்கே என்றால் பம்ப் பக்கம். எட்டு வண்டிகள் வரிசையில் நின்றன. காதுக்காரருக்குக் காது மடல் சுட்டது. அந்த வரிசையில் அவருடைய வாடிக்கையாளர்களே இரண்டு பேர் இருந்தார்கள். மேனேஜரைக் கூப்பிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். "அவர் போட்ட பெட்ரோல் சரியாத்தான் இருந்தது. நான்தான் பாக்காம பழி போட்டேன்." பக்கத்தில் அக்கா புடவைத் தலைப்பை முறுக்கியபடி, "நானும்தான்" என்றாள். யாரோ ஒருவர் சிரித்தார். மேனேஜர், "சரி, பாக்கலாம்" என்று உள்ளே போய்விட்டார்.

அந்த வாரமே கண்ணாடிக்காரரை மறுபடியும் பம்ப்பில் நிறுத்தினார்கள். அடுத்த தடவை பெட்ரோல் போட அக்காவோடு தம்பியும் போனார். முன்பெல்லாம் கண்ணாடிக்காரர் அக்காவைப் பார்த்தால், "இன்னிக்கு டியூட்டி எப்பம்மா?" என்று விசாரிப்பாராம். இப்போது மீட்டரைக் கையால் காட்டினார்.

"மேடம், ஜீரோ பாத்துக்குங்க."

"பாத்துட்டேன்" என்றாள் அக்கா.

"நல்லா பாத்துக்குங்க" என்றார் அவர். அவள் மறுபடி தலையாட்டிய பிறகுதான் குழாயை எடுத்தார். காதுக்காரர் பக்கத்து சீட்டில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.