இருண்ட ஆற்றலுக்கு ஒரு பேனர்

மீஞ்சூர் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்த நர்மதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆட்டோ ஸ்டாண்டுக்கு மேலே ஆளுயரப் பேனரில் அவளே சிரித்துக்கொண்டிருந்தாள். 'இருண்ட ஆற்றல் குறைகிறது! உலகுக்குச் சொன்ன எங்கள் வீட்டுத் தங்கமே, வருக!' ஓரத்தில் கூலிங்கிளாஸோடு தாய்மாமன் தேசப்பன். காதுகுத்துக்கெல்லாம் பேனர் வைக்கிற மனிதர், பிரபஞ்சத்தை மட்டும் விட்டுவைப்பாரா?

எல்லாம் வானியல் ஆராய்ச்சி செய்யும் இவள் வாயால் வந்தது. வான்தூரத்தை இரண்டு வழியில் அளக்கிறார்கள்: வெடித்த விண்மீன்களின் வெளிச்சத்தை வைத்து ஒன்று, விண்மீன் மண்டலங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை வைத்து இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போகவில்லை. இரண்டுமே சரி என்றால், பிரபஞ்சத்தை விரியவைக்கும் இருண்ட ஆற்றல் வலுவிழந்து வருகிறது. போன மாதம் இதைச் சொன்னபோது மாமாவின் முகத்தில் பொங்கிய பெருமையைப் பார்த்து, அந்த 'என்றால்' என்பதை முழுங்கிவிட்டாள்.

இப்போது அதுதான் தொண்டையில் நிற்கிறது. வெடித்த விண்மீன்களுக்காக அவள் சேர்த்துப் பயன்படுத்திய இரண்டு பட்டியல்களிலும் பொதுவாக இருந்தவற்றை நேற்றுதான் ஒப்பிட்டாள். தொலைவில் உள்ளவை பொருந்தின. கிட்டே உள்ளவற்றின் வெளிச்சத்தில் மட்டும் துளி வித்தியாசம். அதைச் சரிசெய்ததும் இரண்டு அளவுகளுக்கும் இடையிலான பெரிய சண்டை வெறும் முணுமுணுப்பாகிவிட்டது. நாளை கும்மிடிப்பூண்டிக் கல்லூரியில் அவளுடைய முதல் பேச்சு. முன்வரிசையில் மாமா உட்கார்ந்திருப்பார்.

வள்ளூர் அனல்மின் நிலையத்தில் ஷிஃப்ட் முடித்து பைக்கில் வந்து இறங்கினார் அவர். "இன்னா பாப்பா, பேனர் எப்டிகீது?"

"கழட்டிடுங்க மாமா. குறையுதுன்னு உறுதியா சொல்ல முடியாது."

"எவன் சொன்னான்? பேரச் சொல்லு, போய்ப் பேசிக்கினு வரேன்."

"யாரும் சொல்லல. என் கணக்குல நானேதான் தப்பு கண்டுபுடிச்சேன்."

மாமாவின் முகம் தொங்கிப்போனது. "சொல்லாம உட்டா யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும் மாமா."

பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டார். நர்மதாவுக்கு அழுகை முட்டியது.

மறுநாள் காலை பேனர் அங்கேயேதான் இருந்தது. ஏணியில் நின்று மாமா அதன் பழைய வாசகத்தின்மேல் புதிதாக அச்சடித்த ஒரு துண்டை ஒட்டிக்கொண்டிருந்தார். 'தன் தப்பைத் தானே கண்டுபிடித்த எங்கள் வீட்டுத் தங்கமே, வருக!'

"மாமா! இன்னா இது?"

"ஊர்ல அவனவன் அடுத்தவன் தப்பத்தான் கண்டுபுடிச்சிக்கினு கீறான். இதுக்கு எவன்னா பேனர் வச்சிகீறானா? ஏணிய கெட்டியா புடி."

கும்மிடிப்பூண்டி வண்டி வந்து போயிற்று. அடுத்த வண்டியில் போய்க்கொள்ளலாம் என்று நர்மதா ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.