இழுத்த கை

வலது கைக்கு உறை ஏறவில்லை.

இடது கைக்கு ஏறிவிட்டது. சவப்பெட்டிக் கடைச் சின்னையா வெள்ளைக் கையுறையின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு, மத்தியாஸின் வலது கை விரல்களை நிமிர்த்தப் பார்த்தார். அவை உள்ளங்கைக்குள் மடங்கி இறுகியிருந்தன.

“ஆஸ்பத்திரியில ஐஸ்ல வெச்சிட்டானுங்க லா, அதான். கொஞ்சம் வெந்நியும் துண்டும் குடும்மா.”

இசபெல்லா கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கணவனின் தலைமாட்டிலேயே நின்றாள். சின்னையா சூடான துண்டைச் சுற்றி வைத்து, சிறிது நேரம் கழித்து விரல்களைப் பிரித்தார். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் குறுக்கே கறுத்து ஆழமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. நைலான் கயிற்றின் முறுக்குக்கூட அதில் அப்படியே பதிந்திருந்தது.

அவள் தன் கையைப் பார்த்தாள். அதே இரண்டு விரல்களில், அதே இடத்தில், போன வாரம் உரிந்த தோல் பொருக்குத் தட்டிக் கிடந்தது.

“போடாதீங்க,” என்றாள்.

“என்னம்மா?”

“அந்தக் கைக்குப் போடாதீங்க. இருக்கட்டும்.”

சின்னையா அவளையும், சுவரோரம் நாற்காலியில் இருந்த அவள் மாமியார் குழந்தையம்மாளையும் மாறி மாறிப் பார்த்தார். இசபெல்லா அவர் கையிலிருந்த உறையை வாங்கிச் சிறிதாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சிலிபின் ஊரில் எல்லாரும் அதை, மலாய்க்காரர் பட்டத்தைச் சொல்வதுபோல், ‘வாவ்’ என்றுதான் சொன்னார்கள். துரோனோ பக்கத்துச் சுரங்கத்தில் வேலை முடித்து ஊர் திரும்பிய ஆஸ்திரேலியாக்காரன் விட்டுப்போன முக்கோணத் துணிச் சிறகு அது. மனிதன் அதன் கீழே பட்டையில் தொங்கிக்கொண்டு, ‘பார்’ என்ற குறுக்குக் கம்பியைப் பிடித்துப் பறக்க வேண்டும். ஈயம் எடுத்துக் கைவிட்ட மணல்வெளியில் மத்தியாஸ் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். முன்னால் அவன் மச்சான், தங்கை அகதாவின் கணவன் யேசுதாசன், லேண்ட்ரோவரில் நீளக் கயிறு கட்டி இழுப்பான். சிறகு எழும்பி மேலே போனதும் கயிற்றைக் கழற்றிவிட வேண்டும். கழற்றிவிடும் கொக்கிக்கு ‘ரிலீஸ்’ என்று பெயர். அதிலிருந்து வரும் சின்னக் கயிற்றை இழுத்தால் ஊசி விலகும், கொக்கி வாய் திறக்கும், பெரிய கயிறு தானாக விழும். பிறகு சிறகும் அவனும் காற்றும்தான்.

ஆஸ்திரேலியாக்காரனின் ரிலீஸ் துருப்பிடித்துப் போயிருந்ததால் யேசுதாசன் தன் வெல்டிங் பட்டறையில் புதிதாக ஒன்று செய்து கொடுத்தான். பார்க்க அழகாக இருந்தது. மத்தியாஸ் கரண்டுக் கம்பத்தில் ஏறுகிறவன், எந்தக் கொக்கியையும் சோதிக்காமல் அதில் தன் எடையைக் கொடுக்கமாட்டான். பின்பக்கத்து ஜம்பு மரக்கிளையில் அதை மாட்டினான்.

“இழு பாப்போம்.”

அவள் ஒரே விரலால் இழுத்தாள். டக்கென்று திறந்தது. அவன் சிரித்தான். அடுத்து இரண்டு சாக்கில் மணலை நிரப்பி அதில் தொங்கவிட்டான்.

“இப்ப இழு.”

வரவில்லை. அவள் கயிற்றை இரண்டு விரலில் சுற்றிக்கொண்டு, காலை மரத்தில் ஊன்றி, முழு உடம்பையும் கொடுத்து இழுத்தாள். தோல் உரிந்தது. கொக்கி திறக்கவில்லை. அவன் சிரிப்பது நின்றுவிட்டது. அவள் விரலைப் பிடித்து வாயால் ஊதியபடியே வெகுநேரம் அந்தக் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாலையில் யேசுதாசன் வந்தான். சாக்கைத் தட்டிப் பார்த்தான். “புதுசு லா மச்சான், டைட்டாத்தான் இருக்கும். எண்ணெய் போட்டாச் சரியாயிடும்,” என்றான். இசபெல்லாவின் தையல் மெஷின் டிராயரிலிருந்து எண்ணெய்க் குப்பியை அவனே எடுத்து ஊசியில் நாலு சொட்டு விட்டான். சாக்கை இறக்கி வைத்துவிட்டு இழுத்தான். திறந்தது. “பாத்தியா?”

சாக்கை மறுபடி மாட்டிப் பார்க்க வேண்டும் என்று அவள் சொன்னாள். இருட்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நல்ல காற்று அடித்தது; மறுபடி சோதிக்காமலே வாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

வாசலில் பந்தலுக்குக் கீழே யேசுதாசன் நின்றிருந்தான். புந்தோங்கிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். ஒவ்வொருவரும் அவன் கையைப் பிடித்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அவன் சொல்வது கூடம்வரை கேட்டது.

காலையில் அவன் சொன்னது நீளமாக இருந்தது. “நான் கண்ணாடியில பாத்துக்கிட்டேதான் ஓட்டுனேன். வாவ் ஒரு பக்கமா சாஞ்சுச்சு. பிரேக் போட்டேன். அவன் ரிலீஸ இழுக்கவே இல்ல. கைய பார்லயே வெச்சிருந்தான். பயந்துட்டான் போல.” போலீஸிலும் அதையே எழுதிக் கொடுத்திருந்தான். பத்து மணிக்குமேல் அது சுருங்கிற்று. “இழுக்க மறந்துட்டான். பயந்துட்டான்.” இப்போது ஒரு சொல்தான் மிச்சம்.

“பயந்துட்டான் லா.”

“அந்த ஒசரத்துல யாருக்குத்தான் பயம் வராது?” என்றது ஒரு குரல்.

“ரெக்கை வேணும்னா கர்த்தரு குடுத்திருக்க மாட்டாரா?” என்றது இன்னொன்று. யாரோ சிரித்துவிட்டு, சாவு வீடு என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

இசபெல்லா நாத்தனார் அகதாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். மத்தியாஸின் வலது கையைக் காட்டினாள்.

“பாரு அகதா. இழுத்திருக்காரு.”

அகதா அழுது வீங்கிய கண்ணால் பார்த்தாள். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “விழுந்ததுல ஏதாச்சும் கம்பி பட்டிருக்கும் அண்ணி.”

“கம்பியில முறுக்கு இருக்குமா?”

“எனக்குத் தெரியல அண்ணி. என்னைக் கேக்காதீங்க.” அவள் பிள்ளைகளைத் தேடுவதுபோல் அடுக்களைப் பக்கம் போய்விட்டாள்.

அறைக்குள் துணி எடுக்க வந்த யேசுதாசனை இசபெல்லா கதவருகே நிறுத்தினாள்.

“அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். விழுந்தப்புறம் கயித்த யாரு கழட்டுனது?”

“நான்தான். கத்தியால அறுத்தேன்.”

“ஏன் அறுத்தீங்க? ரிலீஸ இழுத்தாக் கழண்டுக்குமே.”

அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்தான்.

“அந்த அவசரத்துல...”

“இழுத்துப் பாத்தீங்களா, இல்லையா?”

யேசுதாசன் வாயைத் திறந்தான். பின்னாலிருந்து குழந்தையம்மாளின் குரல் வந்தது. அவள் எப்போது நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள் என்று இருவருக்கும் தெரியவில்லை.

“போதும் இசபெல்லா.”

“அத்தை, உங்க மகன் கைய நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

வெளியே நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

“பாத்தேன்,” என்றாள் கிழவி மறுபடி. “மகன் போயிட்டான். மாப்பிள்ளையும் ஜெயிலுக்குப் போனா, அகதா ரெண்டு புள்ளைய வெச்சிக்கிட்டு எங்க போவா? சொல்லு.”

“ஜெயிலுக்குப் போகச் சொல்லல அத்தை. அவரு பயந்துட்டாருன்னு சொல்லாதீங்க. அது மட்டும்தான். வேற எதாச்சும் சொல்லுங்க. காத்துன்னு சொல்லுங்க. விதின்னு சொல்லுங்க.”

யேசுதாசன் அவளைச் சுற்றிக்கொண்டு வெளியே போனான். ஒரு நிமிடம் கழித்து வாசலில் அதே சொல் கேட்டது, கொஞ்சம் தாழ்ந்த குரலில்.

உபதேசியார் பெரியநாயகம் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஜெபத்தைத் தொடங்கினார். கோவிலில் சாமியார் காத்திருப்பதாகச் சொன்னார்கள். உறவினர்கள் வரிசையாக வந்து நெற்றியில் முத்தமிட்டார்கள். ஒரு கையில் உறை, ஒரு கை வெறுங்கை. யாராவது அதைக் கேட்பார்கள் என்று இசபெல்லா தலைமாட்டில் காத்து நின்றாள். கேட்டால் சொல்ல வேண்டியதை நெஞ்சுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். எல்லாரும் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

குழந்தையம்மாள் வந்தாள். மகனுக்கு முத்தமிட்டாள். முந்தானையிலிருந்து கைக்குட்டையை எடுத்து வலது கைமேல் விரித்தாள். அதன்மேல் ஜெபமாலையை வைத்தாள். இசபெல்லா ஜெபமாலையைத் தூக்கிக் கைக்குட்டையை எடுத்துவிட்டு, மாலையை மறுபடி வைத்தாள். கிழவி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மெதுவாக, வெகு மெதுவாகக் கைக்குட்டையை மீண்டும் விரித்தாள். இந்த முறை இசபெல்லாவால் அதை எடுக்க முடியவில்லை.

கடைசியாக யேசுதாசன் வந்தான். குனிந்தான். முத்தமிடாமல் நிமிர்ந்துவிட்டான்.

“மூடலாமா?” என்றார் சின்னையா.

மூடி விழுந்தது. சின்னையா திருகாணிகளை ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டு வந்தார். வலப்பக்கத்துக் கடைசித் திருகாணி பாதியில் நின்றுவிட்டது. அவர் முக்கினார். அது உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

“சுசாவா இருக்கே, அசைய மாட்டேங்குது. யேசுதாசன், நீங்க கொஞ்சம் பாருங்க, உங்க தொழிலாச்சே.”

யேசுதாசன் குனிந்து பிடித்தான். முன்னும் பின்னும் அசைத்தான். பெருவிரல் வெளுத்தது. பட்டறையில் தினமும் சொல்கிறவன் வாய்க்கு அது தானாக வந்தது.

“டைட்டா இருக்கு லா. எண்ணெய் போட்டாச் சரியா...”

அங்கேயே நின்றுவிட்டான்.

திருகாணியின்மேல் இருந்த கையை அவன் எடுக்கவும் இல்லை, அசைக்கவும் இல்லை. அகதா தரையைப் பார்த்தாள். சின்னையா, “ஆமா, எண்ணெய் இருக்காம்மா?” என்று கேட்டார்.

இசபெல்லா அறைக்குள் போனாள். தையல் மெஷின் டிராயர் இழுபடும் சத்தம் கூடத்தில் தெளிவாகக் கேட்டது. திரும்பி வந்து, குப்பியின் மூடியைக் கழற்றி, அவனிடம் நீட்டினாள். குப்பியின் கழுத்தில் அவன் கிரீஸ் விரலின் கறை இன்னும் இருந்தது.

அவன் வாங்கவில்லை.

வாசலில் கார் ஒன்று வந்து நின்றது. பாரிட் புந்தாரிலிருந்து வந்தவர்கள். செருப்பைக் கழற்றிக்கொண்டே ஒருவர் யேசுதாசனைப் பார்த்துக் கேட்டார்.

“எப்பிடி லா ஆச்சு?”

எல்லாரும் யேசுதாசனைப் பார்த்தார்கள். அவன் வாய் அசைந்தது. காலையிலிருந்து சொல்லிவந்த அந்தச் சொல் வரவில்லை. அவன் கண் இசபெல்லாவின் கையிலிருந்த குப்பியிலேயே இருந்தது. அதைப் பிடித்திருந்த இரண்டு விரல்களில் பொருக்குப் பிளந்து லேசாக ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. சாய்ந்த குப்பியிலிருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாகப் பெட்டி மூடியில் விழுந்தது. அதைத் துடைக்க யாரும் துணி எடுக்கவில்லை.