இடம் மாற்றச் சொல்லி ஒரு மின்னஞ்சல்

வளைகுடா நகரமான அஜ்மானில் மாலை மூன்றரை மணிக்குப் பள்ளிப் பேருந்து வந்து நின்றதும் நீலாவின் முதல் வேலை, மகளின் டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பது. அன்று பாக்ஸில் கொடுத்தனுப்பிய இட்லியைக் காணோம். பாதி கடித்த வடை ஒன்று கிடந்தது.

"என்னடி இது?"

"இதுக்குப் பேரு தாமியா, அம்மா. ஸஹ்ரா குடுத்தா. நம்ம பருப்பு வடை மாதிரியே இருக்கு. என் இட்லியெல்லாம் அவ சாப்பிட்டுட்டா" என்றாள் ஏழாம் வகுப்பு ஷ்ருதி.

"முட்டை கிட்டை ஏதாவது போட்டிருக்கப் போறாங்க."

"ஒன்லி சன்னாம்மா. கேட்டுட்டுத்தான் சாப்பிட்டேன்."

ஸஹ்ரா சூடான் நாட்டுப் பெண். அவளுடைய அப்பா புனேயில் படித்தவர். இந்தியப் பள்ளியில் போட்டால் கணக்கு நன்றாக வரும் என்று நம்பி மகளை இங்கே சேர்த்திருந்தார். வகுப்பில் அவள் ஒருத்திதான் கறுப்பினப் பெண். முதல் நாளே ஷ்ருதியின் பக்கத்தில் இடம் கிடைத்தது. ஒரே வாரத்தில் இருவரும் ஒட்டிக்கொண்டார்கள்.

நீலா கெட்டவள் இல்லை. கட்டடத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் ரசம் வைத்து எடுத்துக்கொண்டு ஓடுவாள். ஆனால் மகள் நீச்சல் குளத்தில் கொஞ்ச நேரம் இருந்தால், "வெயில்ல கறுத்துடுவே, ஏறி வா" என்று விரட்டுகிறவளும் அவள்தான். பெற்றோர் கூட்டத்தில் ஸஹ்ராவைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு மனசு சரியில்லை. ஏன் என்று தன்னையே அவள் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் பதில் பிடித்திருக்காது.

வடையைப் பார்த்த அன்றே வகுப்பாசிரியை ராதாவுக்கு மின்னஞ்சல் போனது. நாங்கள் சுத்த சைவம், பக்கத்துப் பிள்ளையின் சாப்பாட்டு வாடை மகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இடம் மாற்றவும். நம்மவர்கள் வீடு வாடகைக்கு விடும்போதே பழகிவைத்திருக்கும் காரணம்தான் இது. கேட்பவர்கள் மறுபேச்சுப் பேச முடியாது. நீலா சொல்லக் கேட்டு இன்னும் நான்கு தாய்மார்கள் அப்படியே எழுதினார்கள். அதில் இருவர் வீட்டில் ஞாயிறுதோறும் கோழி பிரியாணி.

சாப்பாட்டு வாடை என்று காரணம் சொல்லி ஸஹ்ராவைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார்கள். ஷ்ருதி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு பழகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து ஷ்ருதிக்கு ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். அமெரிக்காவில் வெள்ளையினப் பிள்ளைகள் மட்டும் படித்த பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளையும் சேர்த்த காலத்தைப் பற்றி எழுத வேண்டும். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவள் படித்துச் சொன்னாள்.

"கோர்ட் சொன்னதால சேர்த்துட்டாங்கம்மா. ஆனா நிறைய பேருக்குப் பக்கத்துல யாருமே உக்காரல. லன்ச்சுக்குக்கூட தனியாத்தான் உக்காந்திருக்காங்க."

"பாவம். என்ன ஜனங்களோ" என்றாள் நீலா. மனதாரத்தான் சொன்னாள்.

ஷ்ருதி நிமிராமல் கேட்டாள். "பக்கத்துல உக்காராதவங்களும் வெஜிடேரியனாம்மா?"

கேலியா, நிஜமான சந்தேகமா என்று தெரியவில்லை. கணவன் ஸ்ரீகாந்த் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நீலாவைப் பார்த்தான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

மறுநாள் காலையிலேயே பள்ளிக்குப் போனாள். எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், பிள்ளைகளைப் பழையபடி உட்கார வையுங்கள் என்றாள்.

"லேட் ஆயிடுச்சு மேடம்" என்றாள் ராதா. "டிசி வாங்க ஸஹ்ராவோட அம்மா வந்திருக்காங்க. நானும் அன்னிக்கே முடியாதுன்னு சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டுட்டேன்."

அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள், ஷ்ருதியின் தாய் என்றதும் எழுந்து நீலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆங்கிலத்தில் பேசினாள்.

"மன்னிக்க வேண்டும். எங்கள் சாப்பாட்டு வாடையால் உங்களுக்கெல்லாம் தொந்தரவு. முதலில் பூண்டை நிறுத்தினேன். பிறகு வெறும் ரொட்டி வைத்தேன். கடைசியில் அவள் டப்பாவே வேண்டாம் என்று பசியோடு இருந்தாள். அப்படியும் யாரும் பக்கத்தில் வரவில்லையாம்."

நீலாவுக்குத் தலை நிமிரவில்லை. "வாடை எதுவும் இல்லை. நான் பொய் எழுதினேன். உங்கள் பெண்ணின் நிறத்துக்காகத்தான் எழுதினேன்."

அந்த அம்மாள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். "இதை அவளிடமே சொல்லுங்கள். இரண்டு மாதமாகத் தன் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அவள் வீட்டை விட்டுக் கிளம்புகிறாள்."

ஸஹ்ரா வெளியே காரில் இருந்தாள். நீலா ஜன்னலோரம் குனிந்து எல்லாவற்றையும் சொன்னாள், மன்னிப்பும் கேட்டாள். "ஓகே ஆன்ட்டி" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அந்தப் பெண் மடியைப் பார்த்துக்கொண்டாள். கார் போய்விட்டது.

"என்னாச்சு, சரி பண்ணிட்டியா?" என்று ஸ்ரீகாந்த் போனில் கேட்டான்.

"இல்லைங்க. இனிமே பண்ணவும் முடியாது" என்றாள் நீலா. "நிறத்துக்காக ஒரு குழந்தையை ஒதுக்கினது ஒரு பாவம். அதுக்கு நல்லதா ஒரு காரணம் சொன்னேன் பாருங்க, அது அதைவிடப் பெரிய பாவம். நேரா சொல்லியிருந்தா அந்தக் குழந்தை என்னை வெறுத்துட்டுப் போயிருக்கும். இப்ப தன்னையே வெறுத்துக்கிட்டுப் போகுது."