எங்களுக்கு இல்லையாம்

"பஞ்சைக் கொண்டாரும் தம்பி," என்றாள் மேரிசுகந்தி, கதவை ஒரு சாண் மட்டும் திறந்து.

றொமேஷ் அலுமாரிக்கு மேலிருந்த பஞ்சுச் சுருளை எடுத்தான். மனைவியின் புண்ணுக்குக் கட்டுப் போட வாங்கியது. பாதிக்கு மேல் மிச்சமிருந்தது.

உள்ளே மனைவி மாக்கிறேற்றின் உடலைக் கூறைச் சேலையில் கிடத்தியிருந்தார்கள். சட்டையின் இடப்பக்கம் சப்பையாய்க் கிடந்தது. கொழும்பில் அறுத்தெடுத்த பக்கம். அவளுடைய தங்கச்சி ஜெயந்தா அதற்குள் பஞ்சைத் திணிப்பதும் மற்றப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுமாக இருந்தாள்.

"இதென்னத்துக்கு?"

"சனம் பாக்கும்," என்றாள் மேரிசுகந்தி. மூன்று சகோதரிகளில் மூத்தவள். தங்கச்சிக்கு வருத்தம் கடுமை என்று கேள்விப்பட்டு ரொறன்ரோவிலிருந்து வந்தவள். சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த காலம். "ஆரும் கேட்டா ஈரல் எண்டு சொல்லும். ஜெயந்தாவைக் கேட்ட கரம்பன் மாப்பிள்ளை வீட்டாரும் வருகினம்."

வெளியே பந்தலில் யாக்கோப்பு மாமா ஏற்கெனவே ஈரலைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். குடித்துக் குடித்து அந்த உறுப்பு அவருக்கு நல்ல பழக்கம்.

"உங்கட அம்மா செத்ததுக்கும் ஈரல் எண்டுதானே சொன்னனீங்கள்?" என்று கேட்டான் றொமேஷ்.

மேரிசுகந்தி அவனைக் கையில் பிடித்துக் குசினிக்குக் கூட்டிப்போனாள். அங்கே அவனுடைய மூன்று வயது மகள் பிஸ்கற்றைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜெயந்தாவின்ர கலியாணம் முடியுமட்டும் வாயைத் திறக்காதையும். பரம்பரை வருத்தமெண்டு தெரிஞ்சா அவளை ஆர் எடுப்பினம்?"

"பரம்பரையோ? சோதிச்சு, இல்லையெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

அது இரண்டு வருடத்துக்கு முந்திய கதை. ரொறன்ரோவில் இருக்கும் சகோதரிகளின் சின்னம்மாவுக்கும் மார்புப் புற்றுநோய் வந்தது. தாயிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் பிழை ஒன்று அவரது இரத்தத்தில் இருப்பதாகக் கண்டார்கள். மேரிசுகந்தியும் இரத்தம் கொடுத்துச் சோதித்தாள். பதில் வந்தவுடன் ஊருக்கு ரெலிபோன் எடுத்துக் கதைத்தாள். மாக்கிறேற் சந்திக் கடையில் கதைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தாள். "எங்களுக்கு இல்லையாமப்பா." அப்போது அவளுடைய இடது மார்பில் புளியங்கொட்டையளவு ஒன்று இருந்தது. பிள்ளை பால்குடி. பால் கட்டியிருக்கிறது என்று அன்றோடு அதை மறந்துவிட்டாள்.

"எங்களுக்கு எண்டா ஆருக்கு?" என்று கேட்டான்.

"எனக்கு. எனக்கு இல்லாட்டி என்ர பெட்டையளுக்கும் வராதாம். கார் நிப்பாட்டுற இடத்தில இருந்து அழுதனான் தம்பி. அவ்வளவு நிம்மதி. போற வழியில கேக்கும் வாங்கிக்கொண்டு போனனான்."

"தங்கச்சிமாருக்கு?"

"அவையளையும் சோதிக்கச் சொல்லி டொக்டர் சொன்னவர்தான். இஞ்ச எங்க சோதிக்கிறது? ஏன் சும்மா வெருட்டுவான் எண்டு விட்டிட்டன்."

"நீங்கள் சொல்லி வைச்ச நன்றிப் பூசைக்கு அந்தோனியார் கோயிலில நிண்டு பாண் குடுத்தவள் அவள். இடுப்பில பிள்ளை. நெஞ்சுக்குள்ள அது."

மேரிசுகந்தி கேத்தல் மூடியைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

"கடவுளின்ர சித்தம் தம்பி."

"கடவுளை விடுங்கோ. ரெலிபோன் எடுத்தது அவரில்லை."

பிஸ்கற் கரைந்து தேநீருக்குள் விழுந்தது. பிள்ளை அதை விரலால் தேடியது. பெரியம்மா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

அவன் திரும்பி அறைக்குள் போனான். ஜெயந்தா சேலைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டு எட்டி நின்று பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருந்தன.

"இப்ப சரிதானே அத்தான்?"

"மேரியக்காவுக்கு மட்டுந்தான் இல்லை ஜெயந்தா. உம்மை ஒருத்தரும் சோதிக்கேல்லை."

"எங்களுக்கு இல்லையெண்டு அக்கா..."

"அந்த எங்களுக்குள்ள நீர் இல்லை. மாக்கிறேற்றும் இருக்கேல்லை."

ஜெயந்தா கட்டிலின் விளிம்பில் இருந்தாள். அவளுடைய கை தன் சட்டைப் பக்கம் போய், பாதியில் நின்று, மடிக்கு இறங்கியது.

படலையடியில் வான் ஒன்று வந்து நின்றது. "ஐயோ, என்ர தங்கச்சி," என்று மேரிசுகந்தி குரலெடுத்துக்கொண்டு கரம்பன்காரரை நோக்கிப் போவது கேட்டது.

ஜெயந்தா எழுந்து கதவைச் சாத்தினாள். தமக்கையின் சட்டைக் கொளுக்கிகளைக் கழற்றினாள். பஞ்சைக் கட்டி கட்டியாக வெளியே எடுத்து அவன் கையில் தந்தாள். ஒரு துண்டும் மிச்சம் வைக்கவில்லை. பிறகு கொளுக்கிகளைப் பூட்டிச் சேலையை இழுத்துவிட்டாள். அந்தப் பக்கம் கூறை நேராக நெஞ்செலும்பில் படிந்தது.

"கதவைத் திறவுங்கோ அத்தான். வந்து பாக்கட்டும்."

அவனுடைய இரண்டு கையிலும் பஞ்சு. தோளால் கதவைத் தள்ளினான்.