வீட்டில் யாராவது வாசிப்பீர்களா?

நான் சுவர் போடுகிறவன். சுவர் என்று சொல்வதே அதிகம். தகரச் சட்டம் நிறுத்தி, இரண்டு பக்கமும் ஜிப்சம் பலகை அடித்து, பூசி மெழுகிவிட்டுக் கிளம்புகிறவன். பக்கத்து வீட்டுக்காரன் தும்மினால் இந்த வீட்டில் தூக்கம் கலையும். குயின்ஸில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுச் சுவரும் என்னைப் போல எவனோ ஒருவன் போட்டதுதான்.

அங்கே என் மகள் டாமரிஸ் கோட்டு மாட்டும் அலமாரிக்குள் உட்கார்ந்துதான் ட்ரம்பெட் வாசிப்பாள். பதினைந்து வயது. வாத்தியத்தின் வாயில் என் பழைய காலுறையைத் திணித்துக்கொண்டு, கம்பளிக் கோட்டுகளுக்குள் முகத்தைப் புதைத்து வாசிப்பாள். அப்படியும் மாடிக்காரன் தடியை எடுத்துத் தரையை இடிப்பான். பத்து நிமிடத்தில் வேர்த்து விறுவிறுத்து வெளியே வருவாள்.

அதனால்தான் அதே நகரத்தின் மறுகோடியில் இருக்கும் பிராங்ஸில் வீடு பார்க்கப் போனோம். பதினெட்டு வருஷம் குயின்ஸை விட்டு நகராத எங்களுக்கு அது வேறு நாடு. "அங்க நமக்கு ஒரு முகம் தெரியுமா? சமையலுக்கு வாழைக்கா கூட எங்க கிடைக்கும்னு தெரியாது" என்று ரயில் மாறிய இடத்திலெல்லாம் என் மனைவி நெல்லி முணுமுணுத்தாள். எங்கள் கைக்கு எட்டும் விலையில் இருந்தது அந்த ஒன்றுதான், நாலாம் மாடி.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னால், 1927இல் கட்டிய கட்டடம். உள்ளே போனதும் விரல் முட்டியால் சுவரைத் தட்டினேன். கை வலித்ததே தவிர சத்தம் வரவில்லை. டாமரிஸைப் படுக்கையறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தி, "கத்து பாப்போம்" என்றேன். ஒன்றும் கேட்கவில்லை. கதவைத் திறந்தால் முகம் சிவந்து நிற்கிறாள். "கத்தினேம்ப்பா! சத்தியமா கத்தினேன்!" அவள் அப்படிச் சிரித்து எத்தனை மாதமாயிற்று! அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் நம் முடிவு மட்டும் போதாது. கட்டடம் குடியிருப்பவர்களுக்குப் பொதுவானது. அவர்களுடைய குழு நம்மைக் குடும்பத்தோடு கூப்பிட்டுக் கேள்வி கேட்கும். பிடிக்கவில்லையென்றால் வீடு கிடையாது என்று ஒரு வரிக் கடிதம், காரணம் சொல்ல மாட்டார்கள். எங்கள் தரகர் ரொவேனா முதல் நாளே பாடம் நடத்தினாள்.

"வாய கட்டிப் போடுங்க சார். நாய் இருக்கா? இல்ல. விருந்தாளி வருவாங்களா? இல்ல. எது கேட்டாலும் 'இல்ல மேடம்'. போன மாசம் வேற ஒரு கட்டடத்துல ஒருத்தன் ட்ரம்ஸ் அடிப்பேன்னு பெருமையா சொன்னான். அன்னைக்கே ஊத்திக்கிச்சு."

கட்டடத்தின் அடித்தளத்தில், துணி துவைக்கும் இயந்திரங்களுக்குப் பக்கத்து அறையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவி மிஸஸ் கிளாக்ஸ்டன் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், மூன்றாம் மாடி. நாய், புகை, விருந்து எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். கடைசியில் அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முன்னால் சாய்ந்தார்.

"வீட்டுல யாராவது ஏதாவது வாசிப்பீங்களா?"

போலீஸ்காரன் கேட்பதாகத்தான் எனக்குப் பட்டது. "இல்ல மேடம்" என்றேன். டாமரிஸின் மேலுதட்டில் ட்ரம்பெட் வைத்து வைத்து விழுந்த தடம் உண்டு. என் பக்கம் திரும்பாமலே அவள் அதைக் கையால் மூடிக்கொண்டாள்.

இரண்டு வாரத்தில் சம்மதக் கடிதம் வந்தது. நெல்லி அழுதே விட்டாள். சாமான் கட்டும்போது பார்த்தால் ட்ரம்பெட் பெட்டியைக் காணோம்.

"ஸ்கூல்ல ஸிமேனாகிட்ட குடுத்துட்டேன். அவகிட்ட சொந்தமா இல்ல."

"பைத்தியமா உனக்கு? எதுக்காக இந்த வீட்ட வாங்குறோம்?"

"வீட்டுல யாரும் வாசிக்கிறதில்லன்னு நீதானப்பா சொன்ன? நாளைக்கு யாராவது கேட்டு, உன் வீட்ட புடுங்கிட்டா?"

'உன் வீடு' என்றாள். அது எனக்குச் சுருக்கென்றது. குடி போன பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். குடி போன பிறகோ எனக்கே பயம் வந்துவிட்டது. கீழே கட்டடத்தின் வாசல் கூடத்தில் மிஸஸ் கிளாக்ஸ்டனைப் பார்த்தால் தபால் பெட்டியில் எதையோ தேடுவதாக நடிப்பேன். வீட்டுக்குள் நிசப்தம். நான் ஆசைப்பட்டு வாங்கிய கனத்த சுவர்கள், அவற்றுக்குள் மறைக்க ஒரு சத்தமும் இல்லை.

மூன்றாவது வாரம் லிஃப்டில் அவரிடம் மாட்டிக்கொண்டோம், நானும் டாமரிஸும். மிஸஸ் கிளாக்ஸ்டன் காய்கறிப் பையோடு ஏறினார்.

"எப்படி தம்பி, வீடு பழகிடுச்சா? சத்தமே இல்லையே உங்ககிட்ட" என்றார். "உங்க வீட்டுல முன்னாடி ட்ருயிட்னு ஒருத்தர் இருந்தாரு. முப்பது வருஷம், தினம் நாலு மணிக்கு சாக்ஸஃபோன். சுவரு விடாது, ஆனா வீட்ட சூடாக்குற நீராவிக் குழாய் வழியா எறங்கி எங்க சமையக்கட்டுக்கு வந்துரும். அதக் கேட்டுக்கிட்டுதான் காப்பி போடுவேன். அவரு போனதுலேருந்து காப்பியே ருசிக்கல. அதனாலதான் அன்னைக்கு உங்ககிட்ட ஆசையா கேட்டேன். இல்லன்னுட்டீங்க. சரி போகட்டும், நல்ல மனுஷங்களா தெரிஞ்சீங்க, ஓட்டு போட்டுட்டோம்."

லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்றது. ஒரு காலை வெளியே வைத்தவர் டாமரிஸிடம் திரும்பினார்.

"உனக்கு எதையாவது வாசிக்கணும்னு ஆசையே வந்ததில்லையா, கண்ணு?"

டாமரிஸ் என்னைப் பார்த்தாள். நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள். கதவைக் காலால் தடுத்துக்கொண்டு அந்த அம்மாளும் காத்திருந்தார். ஒரு வார்த்தை போதும். பொய் சொல்லி வீடு வாங்கினேன் என்று அதில் வெளிப்பட்டுவிடும், அவ்வளவுதான்.

"பை கனமா இருக்கே, நான் தூக்கிட்டு வரட்டுமா மேடம்?" என்றேன்.

டாமரிஸின் கை மேலுதட்டுக்குப் போயிற்று.

"இல்ல மேடம்" என்றாள், அன்று நான் சொன்னது போலவே.